வேண்டாம் என்றாவது சொல்லுங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பதரை மணிக்கு மாடம்பாக்கத்திலிருந்து கேம்ப் ரோடு போகும் ஷேர் ஆட்டோக்களில் அவர்களைப் பார்க்கலாம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் கைப்பை, மடியில் சான்றிதழ் ஃபைல். தனியார் பள்ளிகள் அடுத்த கல்வியாண்டுக்கு ஆசிரியர் எடுக்கும் காலம் அது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று வேளச்சேரி சாலை நெடுகிலும் பள்ளிகள்; எல்லாவற்றிலும் நேர்காணல்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் கணித ஆசிரியை ஒருவர் அப்படி ஒரு பள்ளிக்குப் போனார். எம்.எஸ்சி., பி.எட்., போதுமான அனுபவம். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். விடுமுறை என்பதால் பிள்ளைகள் இல்லை. பள்ளி முதல்வரும் இரண்டு மூத்த ஆசிரியைகளும் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். ஏழாம் வகுப்புப் பின்னங்கள். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் ஏன் அப்படியே கூட்டக் கூடாது என்பதை ஒரு வெள்ளைத் தாளை மடித்து மடித்துக் காட்டினார். முதல்வர் அந்தத் தாளை வாங்கித் தன் டைரிக்குள் வைத்துக்கொண்டாராம். சம்பளம் பேசினார்கள். ஜூன் முதல் வாரமே சேர முடியுமா என்று கேட்டார்கள். மகளையும் இங்கேயே சேர்ப்பீர்களா என்றுகூடக் கேட்டார்கள். "சொல்லி அனுப்புறோம் மேடம்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

நாட்கள் போயின. இதற்கிடையில் இன்னொரு பள்ளி அவரைத் தேர்ந்தெடுத்தது. சம்பளம் கொஞ்சம் குறைவு. இரண்டு நாளில் பதில் வேண்டும் என்றது. முதல் பள்ளிக்குப் போன் செய்தார். "கரஸ்பான்டென்ட் சார் ஊர்ல இல்ல, வந்ததும் கூப்பிடுறோம்" என்றார்கள். மறுபடி கேட்கத் தயக்கம். "நச்சரிக்கிறாங்கன்னு நினைச்சு, வர்ற வேலையும் போயிட்டா என்னக்கா பண்றது?" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். கையிலிருந்த வேலையை விட்டுவிட்டார். ஜூனில் பள்ளிகள் திறந்தன. முதல் பள்ளியில் மே நடுவிலேயே வேறொருவர் சேர்ந்துவிட்டார் என்பது, அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா சொல்லித்தான் இவருக்குத் தெரிந்தது. அந்த ஆண்டு முழுவதும் வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுத்து ஓட்டினார்.

வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது பள்ளியின் உரிமை. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால், முடிவு எடுத்த பிறகும் ஒரு வரிக் குறுஞ்செய்தி அனுப்பாமல் ஒரு மனுஷியைக் காத்திருக்க வைக்க அந்தப் பள்ளிக்கு எந்த உரிமையும் கிடையாது. நேர்காணலுக்கு வந்தவரிடம் 'இன்ன தேதிக்குள் முடிவு சொல்கிறோம்' என்று தெரிவிப்பதும், அந்தத் தேதியில் ஆம் அல்லது இல்லை என்று சொல்வதும் வேலை கொடுப்பவரின் கடமை. அந்தத் தேதி கடந்தும் பதில் வராவிட்டால் கேட்பது வேலை தேடுபவரின் உரிமை. நம் ஊரில் இந்தக் கடமையை யாரும் கடமையாக நினைப்பதில்லை. அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் பயந்து பயந்து பயன்படுத்துகிறார்கள். இரண்டும் மாற வேண்டும்.

மாடம்பாக்கம் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேரும்வரை பேரூராட்சியாக இருந்தது. வேலை தேடி வெளியூர்களிலிருந்து வந்து, நகருக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே குடியேறிய குடும்பங்கள் நிறைய. கிழக்கே மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர், சிறுசேரி ஐ.டி. நிறுவனங்களுக்குப் போகலாம். தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் இருக்கிறது. மின்சார ரயில் ஏறினால் பரனூரில் இறங்கி மகேந்திரா சிட்டி. படப்பையைத் தாண்டினால் ஒரகடம். நாலா திசையிலும் வேலை இருப்பதால் நாலா திசையிலும் விண்ணப்பம் போகிறது. வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார். பிரதோஷத்தன்று தேனுபுரீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் காதில் விழும் பேச்சில் பாதி இதுதான்: "இன்டர்வியூ நல்லா பண்ணிருக்கான், இன்னும் ஒண்ணும் சொல்லல."

மின்னஞ்சல் முகவரி உள்ளவர்களின் கதை இது. தொழிற்சாலை வாசலில் கேட்பவர்களின் நிலை இன்னும் மோசம். தையல், பேக்கிங், அசெம்பிளி வேலைகளுக்கு வாசலிலேயே ஆள் எடுப்பார்கள். சூப்பர்வைசர் வந்து பார்ப்பார், ஆதார் நகல் வாங்கிக்கொள்வார், "திங்கட்கிழமை வந்து பாரும்மா" என்பார். திங்கட்கிழமை போனால் செக்யூரிட்டிதான் பதில் சொல்லுவார்: "இன்னைக்கு எடுக்கல, புதன்கிழமை வா." 2021 மே முதல் மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பேருந்துச் செலவு மிச்சம். ஆனால், வீட்டு வேலையையோ சித்தாள் வேலையையோ விட்டுவிட்டு அந்த வாசலுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. ஒரு பதிலுக்காக இப்படி இரண்டு மூன்று நாள் கூலியை இழந்த பெண்கள் எங்கள் பகுதியில் எத்தனையோ பேர்.

*காத்திருப்பின் விலை*

இது சின்னப் பள்ளிகளின், சின்னத் தொழிற்சாலைகளின் குணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2014இல் சென்னையில் நடந்ததை இந்தப் பகுதி ஐ.டி. ஊழியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல் அண்ட் டி இன்ஃபோடெக் நிறுவனம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வளாகத் தேர்வு நடத்தி எடுத்த பொறியியல் பட்டதாரிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், சேரும் தேதிக்காக ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். பிறகு புதிதாக ஒரு தேர்வு எழுத அழைக்கப்பட்டார்கள். அதில் தேறவில்லை என்று கூறி, கொடுத்த ஆஃபரை நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த இளைஞர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள்.

பத்தாண்டு கழித்து அதே கதை இன்னும் பெரிய பெயரோடு வந்தது. 2022இல் இன்ஃபோசிஸ் வளாகத் தேர்வில் எடுத்தவர்களில் சுமார் 2,000 பேர் இரண்டாண்டு கடந்தும் வேலையில் சேர்க்கப்படவில்லை என்று நைட்ஸ் என்ற ஐ.டி. ஊழியர் அமைப்பு 2024 ஆகஸ்டில் ஒன்றிய தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. ஆஃபர் கொடுத்த அத்தனை பேரையும் எடுத்துக்கொள்வோம் என்று நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக் அறிவித்தார். 2024 அக்டோபர் 7 சேரும் தேதி என்று கடிதங்கள் போயின. 2025 பிப்ரவரியில், மைசூரு வளாகத்தில் பயிற்சியிலிருந்தவர்களில் 300க்கும் மேற்பட்டோர் உள்மதிப்பீட்டுத் தேர்வில் தேறவில்லை என்று வெளியே அனுப்பப்பட்டார்கள்.

இந்தச் சம்பவத்தில் நான் கவனித்த ஒன்று உண்டு. அந்த இரண்டாயிரம் பேரும் சும்மா இருந்தவர்கள் அல்ல. பலரும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போதெல்லாம் கிடைக்காத தேதி, அவர்கள் சேர்ந்து புகார் கொடுத்து, அது செய்தியாகி, அரசு விசாரிக்கத் தொடங்கியதும் கிடைத்தது. ஒருவர் விசாரித்தால் அது இன்பாக்ஸில் கிடக்கும் இன்னொரு மெயில். சேர்ந்து விசாரித்தால் அதற்குப் பதில் எழுத ஒரு தலைமைச் செயல் அதிகாரி வேண்டியிருக்கிறது.

இப்படிக் காத்திருப்பதற்கு ஆகும் செலவை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் உணர்வதில்லை. வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், படிப்பு முடிந்து ஓராண்டுவரைதான் தவணை கட்டாமல் இருக்கலாம். இரண்டாண்டு ஆஃபர் லெட்டரோடு உட்கார்ந்திருந்த பிள்ளைக்குச் சம்பளம் தொடங்கும் முன்பே தவணை தொடங்கிவிட்டது. அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. பெரிய நிறுவனங்கள் புதியவர்களை எடுக்கும்போது 'இந்த ஆண்டு படிப்பை முடித்தவர்கள் மட்டும்' என்று நிபந்தனை போடுகின்றன. 2022இல் முடித்தவர், ஓர் ஆஃபரை நம்பி 2024வரை இருந்துவிட்டால், பெரும்பாலான கதவுகள் அவருக்கு மூடிவிடுகின்றன. திறந்திருக்கும் கதவில் நுழைந்தாலும் முதல் கேள்வி, "ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க?" என்பதுதான். ஒரு நிறுவனம் பதில் சொல்லாமல் விட்ட காலத்துக்கு இன்னொரு நிறுவனத்தின் முன்னால் அந்தப் பிள்ளை கைகட்டிப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைவிட அநியாயம் ஏதாவது உண்டா?

*ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?*

ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் சிலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். அவர்களும் மனசாட்சி இல்லாதவர்கள் அல்லர். ஆனால், அவர்கள் வேலை செய்யும் முறையே மௌனத்துக்கு வசதியாக அமைந்திருக்கிறது. ஐ.டி. சேவை நிறுவனத்தில் நேர்காணல் நடத்தும் மேனேஜர் சரி என்றாலும், அந்தப் புராஜெக்டின் வெளிநாட்டு வாடிக்கையாளர் சரி என்று சொல்ல வேண்டும். அதற்குள் அந்தப் பணியிடமே 'ஹோல்டு' ஆகலாம். ஹோல்டு ஆகிவிட்டது என்று வெளியே சொல்ல ஹெச்ஆருக்கு அனுமதி இருக்காது. இடையில் ஒரு கன்சல்டன்சி இருந்தால் இன்னும் சிக்கல். ஆள் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் கமிஷன். கிடைக்காதவருக்குத் தகவல் சொல்வதால் அவர்களுக்கு ஒரு பைசா வராது.

எல்லாவற்றுக்கும் மேல், நோட்டீஸ் பீரியட். ஐ.டி. துறையில் இது 60 நாள், 90 நாள் என்று நீண்டுவிட்டது. தேர்வானவர் பழைய நிறுவனத்தைவிட்டு வர மூன்று மாதம் ஆகும்; அதற்குள் அவர் வேறு இரண்டு ஆஃபர் வாங்கிவிடலாம். ஆகவே நிறுவனம் இரண்டாவதாக வந்தவரையும் மூன்றாவதாக வந்தவரையும் கையில் வைத்துக்கொள்கிறது. அவர்களிடம் 'இல்லை' என்று சொல்லிவிட்டால், முதல் ஆள் வராதபோது கூப்பிட ஆள் இருக்காது. "ஃபீட்பேக் பாசிட்டிவ்தான், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பவர், பெரும்பாலும் இந்த மாற்று ஆள்தான். அவருக்கு அது தெரியாது. தெரிந்தால் அவர் வேறு வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார் என்பதால்தான் சொல்வதில்லை. ஒருவரின் மூன்று மாத வாழ்க்கையை அவருக்குத் தெரியாமலே அடமானம் வைத்துக்கொள்வதற்கு இது சமம். "நீங்கள் இரண்டாவது இடத்தில் இருக்கிறீர்கள், முதல் ஆள் வராவிட்டால் இன்ன தேதியில் கூப்பிடுவோம்" என்று சொல்லிப் பாருங்கள்; எத்தனையோ பேர் மகிழ்ச்சியாகக் காத்திருப்பார்கள், தெரிந்தே காத்திருப்பார்கள்.

நிறுவனங்கள் தரப்பில் ஒரு புகார் உண்டு. ஆஃபரை வாங்கிக்கொண்டு, சேரும் நாளன்று போனை அணைத்துவிட்டுக் காணாமல் போகும் இளைஞர்கள் இருக்கிறார்கள் என்கிறார்கள். உண்மைதான், அதுவும் தவறுதான். அப்படிச் செய்கிறவர்களின் பெற்றோரும் நண்பர்களும் அதைத் தவறு என்றே சொல்ல வேண்டும். ஆனாலும், ஒரு நாற்காலி ஒரு மாதம் காலியாக இருப்பதும் ஒரு வீட்டில் ஒரு மாதம் சம்பளம் வராமல் இருப்பதும் ஒன்றாகாது.

*எப்படிக் கேட்பது?*

வேலை தேடும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் சில விஷயங்கள் உண்டு. விசாரிப்பது நேர்காணல் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு தொடங்குவதில்லை. அந்த அறையிலேயே தொடங்குகிறது. "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கடைசியில் கேட்பார்கள். அப்போது பலர் "ஒன்றுமில்லை சார்" என்று எழுந்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். முடிவு எந்தத் தேதிக்குள் தெரியும்? அதற்குப் பிறகு நான் யாரிடம் விசாரிக்கலாம்? இந்த இரண்டுக்கும் பதில் வாங்கிக்கொண்டு வந்தால், பிறகு கேட்கும்போது நீங்கள் நச்சரிப்பவர் ஆக மாட்டீர்கள். அவர்கள் கொடுத்த வாக்கை நினைவூட்டுபவர் ஆவீர்கள்.

மறுநாள் நன்றி தெரிவித்து நாலு வரி அனுப்பலாம். நேர்காணலுக்கு அழைத்து வந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்புவது நல்லது. பத்துப் பணியிடங்களைக் கையாளும் ஒருவருக்கு நீங்கள் யார் என்று தேட வேண்டியிருக்காது. சொன்ன தேதி தாண்டி இரண்டு வேலைநாள் பொறுத்து இப்படி எழுதலாம்: "கடந்த 12ஆம் தேதி இந்தப் பணிக்கான நேர்காணலில் கலந்துகொண்டேன். 20ஆம் தேதிக்குள் முடிவு தெரியும் என்று கூறினீர்கள். வேறொரு நிறுவனத்துக்கு இந்த வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தேர்வு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்." வேறு ஆஃபர் உண்மையில் இருந்தால் மட்டும் மூன்றாவது வரியை எழுதுங்கள். இல்லாத ஆஃபரைக் காட்டி அவசரப்படுத்தினால், "சரி, அங்கேயே சேர்ந்துகொள்ளுங்கள்" என்ற பதில் வரக்கூடும். ஒரு வாரம் கழித்து ஒருமுறை போனில் பேசலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த இடத்தை மனசிலிருந்து இறக்கிவைத்துவிடுங்கள். கூப்பிட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா போன் செய்வது, சித்தப்பாவுக்குத் தெரிந்த கவுன்சிலரை விட்டுப் பேசச் சொல்வது, நேர்காணல் நடத்தியவரின் சொந்த எண்ணைத் தேடிப்பிடித்து இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் அனுப்புவது, நீல டிக் வந்ததும் கேள்விக்குறி போடுவது ஆகியவை வேண்டாம். நான் பேசியவர்களில் ஒருவர்கூட, முறையாக ஒருமுறை விசாரித்ததற்காக எவரையும் கழித்ததாகச் சொல்லவில்லை. தினமும் மூன்று முறை கூப்பிட்டவரையும் அப்பாவை விட்டுப் பேசவைத்தவரையும் கழித்ததாகச் சொன்னவர்கள் உண்டு. எங்கள் தெரு ஆசிரியைக்கு இருந்த பயம் பொதுவானது. ஆனால், அந்தப் பயத்துக்கு அடிப்படை குறைவு. மறுபடி கேட்காமல் இருந்ததால் அவர் இழந்தது, கேட்டிருந்தால் இழந்திருக்கக்கூடியதைவிட மிக அதிகம்.

ஒரு நேர்காணல் நன்றாக நடந்துவிட்டது என்பதற்காக மற்ற விண்ணப்பங்களை நிறுத்துவதும் வேண்டாம். எந்தத் தேதியில் எங்கே போனோம், யார் பேசினார்கள், எப்போது சொல்வதாகச் சொன்னார்கள் என்று ஒரு சாதாரண நோட்டில் எழுதிவைத்தால் போதும்.

இந்தக் காத்திருக்கும் வாரங்களில்தான் மோசடிக்காரர்கள் வருகிறார்கள். வேலை இணையதளங்களில் பயோடேட்டா போட்டவரின் எண் எப்படியோ அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க, லேப்டாப் டெபாசிட் கட்டுங்க, பயிற்சிக் கட்டணம் கட்டுங்க" என்று ஒரு குரல் வரும். பதிலுக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் மனசு அந்தக் குரலை நம்பிவிடும். வேலை கொடுப்பதற்குப் பணம் கேட்கிறவர்களை நம்ப வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். முறையான நிறுவனங்கள் பதில் சொல்லாமல் விடும் இடைவெளியில்தான் இந்தக் குரல்கள் நுழைகின்றன என்பதை அந்த நிறுவனங்களும் யோசிக்க வேண்டும்.

*சட்டம் எங்கே நிற்கிறது?*

அரசு வேலைக்குப் போட்டியிடுகிறவரும் காத்திருக்கிறார். 2022 ஜூலை 24 அன்று 18 லட்சம் பேருக்கு மேல் எழுதிய டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வின் முடிவு 2023 மார்ச் 24 அன்றுதான் வந்தது. எட்டு மாதம். இளைஞர்கள் ட்விட்டரில் ஹேஷ்டேக் போட்டு முடிவைக் கேட்டார்கள்; அது நாடு முழுக்க டிரெண்ட் ஆனது. ஆனால், அவர்கள் யாரிடம் கேட்பது என்று தெரிந்து கேட்டார்கள். ஆணையம் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. எந்தத் தேர்வின் முடிவு எப்போது வரும் என்ற அட்டவணையை அது தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. யுபிஎஸ்சி இன்னும் ஒருபடி மேலே போய், நேர்காணல்வரை வந்து தேர்வாகாதவர்களின் விவரங்களை, அவர்கள் சம்மதித்தால், மற்ற நிறுவனங்கள் பார்க்கும்படி வெளியிடும் திட்டத்தை 2018 முதல் நடத்திவருகிறது. கடைசிச் சுற்றுவரை வந்தவர் தகுதியில்லாதவர் அல்லர் என்று ஓர் அரசு அமைப்பு ஏற்றுக்கொண்ட இடம் அது.

தனியார் வேலைக்குப் போனவருக்கு இதில் எதுவும் இல்லை. தகவல் அறியும் உரிமை தனியார் நிறுவனத்தின் வாசலில் நின்றுவிடுகிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கின்றன. நல்ல விஷயம். தேர்வானவருக்குக் கடிதம் கட்டாயம். தேர்வாகாதவருக்கு ஒரு வரி கட்டாயம் இல்லை.

இத்தனைக்கும் இந்த யோசனை நம் சட்டங்களுக்குப் புதிதல்ல. 1959ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு அலுவலகச் சட்டப்படி, 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை 15 நாளுக்குள் அந்த அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று அதன் விதிகளில் இருந்தது. எத்தனை நிறுவனங்கள் அதை மதித்தன என்பது வேறு கதை. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நினைத்த சட்டம், நாள் முழுக்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆளுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. விட்டுப்போனதைச் சேர்க்க இதைவிட நல்ல நேரம் வராது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அதைச் செய்துவிட்டது. ஈழத்திலிருந்து போன தமிழர்கள் பெருமளவில் வாழும் டொரன்டோவும் ஸ்கார்பரோவும் அந்த மாகாணத்தில்தான் இருக்கின்றன. 2026 ஜனவரி 1 முதல், 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் ஒரு பணியைப் பொதுவில் விளம்பரம் செய்து, அதற்கு ஒருவரை நேர்காணல் செய்தால், கடைசி நேர்காணலிலிருந்து 45 நாளுக்குள் அந்தப் பணிக்கு ஆள் எடுப்பது பற்றி முடிவு எடுக்கப்பட்டுவிட்டதா என்பதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். நேரிலோ எழுத்திலோ மின்னஞ்சலிலோ சொல்லலாம். விளம்பரத்தில் இருப்பது உண்மையான காலியிடமா, பின்னால் தேவைப்பட்டால் எடுக்க விண்ணப்பம் சேர்க்கிறார்களா என்பதையும் விளம்பரத்திலேயே சொல்லியாக வேண்டும். மாடம்பாக்கத்தில் விண்ணப்பம் போடும் பிள்ளைக்கு இந்த இரண்டாவது நிபந்தனை முதலாவதைவிடப் பயன்படும் என்பது என் எண்ணம். காலியிடமே இல்லாமல் பயோடேட்டா சேர்ப்பதற்காக நடத்தும் வாக்-இன்கள் இங்கே கொஞ்சநஞ்சமல்ல.

தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தனியார் நிறுவனங்களையும் வேலை தேடுபவர்களையும் இணைக்க அரசே ஒரு வேலைவாய்ப்பு இணையதளம் நடத்துகிறது. மாவட்டந்தோறும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள் நடக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டத்திலும் நடக்கின்றன. கல்லூரி வளாகங்களில் பந்தல் போட்டு, நிறுவனங்களுக்கு மேசை நாற்காலி கொடுத்து, தண்ணீர் வைத்து, பாதுகாப்புக்குப் போலீஸ் நிறுத்தி அரசு செலவில் நடக்கின்றன. மாலையில் அமைச்சரோ ஆட்சியரோ மேடையில் சிலருக்குப் பணி ஆணை கொடுப்பார்கள். மறுநாள் செய்திக்குறிப்பில், இத்தனை பேர் தேர்வு, இத்தனை பேர் இரண்டாம் கட்டத் தேர்வுக்குத் தகுதி என்று எண்கள் வரும். முதல் எண்ணில் இருப்பவர்கள் கடிதத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். இரண்டாம் எண்ணில் இருப்பவர்கள் என்ன ஆனார்கள் என்று அடுத்த முகாமின் செய்திக்குறிப்பில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

அந்த இரண்டாம் எண்ணிலிருந்து தொடங்கலாம். முகாமுக்கு வரும் நிறுவனம், இரண்டாம் கட்டத்துக்கு என்று குறித்துக்கொண்ட ஒவ்வொருவரின் முடிவையும் 45 நாளுக்குள் அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். பதிந்ததும் அவருடைய செல்போனுக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். பதியாத நிறுவனத்துக்கு அடுத்த முகாமில் மேசை கிடையாது. ஏற்கெனவே இருக்கும் இணையதளத்தில் ஒரு கட்டம் கூட்டினால் போதும். அரசின் பந்தலில், அரசின் நாற்காலியில் உட்கார்ந்து ஆள் எடுக்கும் நிறுவனத்திடம் இந்த அளவுக்குக் கேட்க அரசுக்கு முழு உரிமை இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் அடுத்த முகாமுக்கு நிறுவனங்களை அழைத்து எழுதும் கடிதத்திலேயே இதை நிபந்தனையாகச் சேர்க்கலாம். அதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும்.